வாயை மூடித் தூக்கிய மூன்று மாதங்கள்

போன மாதம் செம்பூரில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் வேலை பார்க்கும் இரண்டு நர்ஸ்கள் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்களுக்காக ஒரு சுவரொட்டி தயார் செய்கிறார்களாம். முட்டியை மடக்கு, முதுகை நேராக வை என்பதெல்லாம் எழுதியாகிவிட்டது. மூச்சைப் பற்றி எழுதும் இடத்தில் இருவருக்கும் தகராறு. தூக்கும்போது மூச்சை விட வேண்டும் என்கிறாள் ஒருத்தி. இன்னொருத்தியின் தம்பி ஜிம்முக்குப் போகிறவன். அங்கே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தூக்கச் சொல்கிறார்களாம்.

"ஆன்ட்டி, காலம் பூரா இதே வேலைதானே பார்த்தீங்க. எது கரெக்ட், நீங்களே சொல்லுங்க" என்றார்கள்.

இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வரி எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதை மறைத்துவிட்டுச் சொன்னால், ஏதோ நானே படித்துக் கண்டுபிடித்ததுபோல் ஆகிவிடும். அது அப்படி நடக்கவில்லை. அன்று அவர்களிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

நான் நாசரேத் பக்கத்தில் பிறந்தவள். மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் நர்ஸ் படிப்பு. படுக்கை விரிக்கவும், ஊசியைக் கொதிக்க வைக்கவும், மேட்ரனுக்குப் பயப்படவும் அங்கே கற்றுக்கொண்டேன். அண்ணன் மாட்டுங்கா லேபர் கேம்பில் குடும்பத்தோடு இருந்தார். அவர் கூப்பிட்டுத்தான் பம்பாய் வந்தேன். சீனச் சண்டை முடிந்த அடுத்த வருஷம், செம்பூரிலிருந்து தேவ்நார் போகும் சாலையில் இருந்த ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பெயர் ஜெபமணி. மராத்திக்காரர்கள் அம்மா என்று பொருள்படும் 'பாய்' சேர்த்து சிஸ்டர்பாய் என்றார்கள், நம் ஆட்கள் சிஸ்டரம்மா என்றார்கள்.

எங்கள் முதலுதவி அறையை எல்லோரும் தவாகானா என்றுதான் சொல்வார்கள். சரக்கு இறக்கும் மேடையின் ஓரத்தைத் தகரத்தால் தடுத்து உண்டாக்கிய அறை அது. ஒரு மேஜை, ஒரு கட்டில், ஒரு அலமாரி. தகரத்துக்கு அந்தப் பக்கம் காலை எட்டு மணியிலிருந்து லாரிகள் நிற்கும். சோப்புக்கு வேண்டிய சோடா, ஒரு மூட்டை எழுபத்தைந்து கிலோ. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து ஆட்டி, மூன்றாவது ஆளின் முதுகில் ஏற்றுவார்கள். அவர் பலகை வழியாகக் கிடங்குக்குள் நடப்பார். அவர்களுக்கு முகாதம், அதாவது மேஸ்திரி, பிச்சையா. வள்ளியூர்ப் பக்கத்து மனிதர், தாராவியில் குடியிருந்தார். அவர்தான் குரல் கொடுப்பார். "ஏக்... தோ..." என்பார். மற்றவர்கள் சேர்ந்து "ஹைஷா!" என்பார்கள். ஹைஷா என்னும்போது மூட்டை முதுகில் இருக்கும். நாள் பூராவும் இந்தச் சத்தம். என் அலமாரியில் மருந்துக் குப்பிகள் ஒன்றோடொன்று உரசும்.

டாக்டர் ராமநாதன் மாட்டுங்காவில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தார். எங்கள் கம்பெனிக்குக் காலை பத்து மணிக்கு பஸ்ஸில் வருவார், பன்னிரண்டுக்குப் போய்விடுவார். ஐம்பது வயது இருக்கும். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. நான் எதையாவது சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சிஸ்டர், பார்த்தேளா, நெனச்சேளா?" என்று கேட்பார். பார்த்தேன் என்றால் எழுதுவார். நினைத்தேன் என்றால், "போய்ப் பார்த்துட்டு வாங்கோ" என்பார். முதல் ஆறு மாதம் நான் பாதி நேரம் போய்ப் பார்த்துவிட்டு வருவதிலேயே கழித்தேன்.

ரத்த அழுத்தம் பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது, அதை மாற்ற விடமாட்டார். ஆள் வந்தவுடன் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிஷம் நாற்காலியில் உட்கார வேண்டும். பீடி குடித்திருந்தால் அரை மணி. சட்டைக் கையைச் சுருட்டி விடக்கூடாது, கழற்ற வேண்டும். கை மேஜை மேல், நெஞ்சு உயரத்துக்கு. பட்டையைச் சுற்றி, முதலில் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடித்து, நாடி மறையும் இடத்தைக் குறித்துக்கொண்டு, காற்றை இறக்கி, மறுபடி அடித்து, பிறகுதான் ஸ்டெதாஸ்கோப். பாதரசம் மெதுவாக இறங்கும்போது முதல் 'டக்' எங்கே கேட்கிறது, கடைசி 'டக்' எங்கே என்று பார்க்க வேண்டும். அந்த டக் கேட்கும் நேரம் பார்த்து தகரத்துக்கு அந்தப் பக்கம் ஹைஷா! மறுபடி முதலிலிருந்து காற்றடிக்க வேண்டும். ஒரே ஆளுக்கு நாலு தடவை பார்த்த நாளெல்லாம் உண்டு.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். சரக்கு மேடையில் கூச்சல் தாங்க முடியவில்லை, நோயாளிகளைச் சரியாகப் பரிசோதிக்க முடியவில்லை, தயவுசெய்து நிறுத்த உத்தரவிட வேண்டும் என்று. டாக்டர் படித்துப் பார்த்து, ஒரு காற்புள்ளி சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மேனேஜருக்கு இது சந்தோஷம். தலைமை ஆபீஸிலிருந்து யாராவது வந்தால் மீன் மார்க்கெட் மாதிரி இருக்கிறது என்று அவருக்கு ஏற்கெனவே குறை. மூன்றாம் நாளே மேடைத் தூணில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். வேலை நேரத்தில் யாரும் சத்தம் போடக்கூடாது, மீறினால் நடவடிக்கை.

பிச்சையாவுக்கு வாசிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"சத்தம் போடாமயா? ஹைஷா சொல்லாம எப்படிம்மா தூக்கது?" என்றார். பிறகு, "யாரு சொல்லி இதப் போட்டானுவ?" என்று கேட்டார்.

"ஆபீஸ்ல போட்டிருக்காங்க" என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாது. ஆபீஸ்தான் போட்டது. நான் உள்ளே போய் அலமாரியை ஒழுங்குபடுத்தினேன்.

அதன் பிறகு தவாகானா அமைதியாக இருந்தது. டாக்டர் ஒரே தடவையில் ரத்த அழுத்தம் பார்த்தார். தகரத்துக்கு அப்பால் மூட்டை விழும் சத்தமும் காலடிச் சத்தமும்தான். பிச்சையா கையை உயர்த்திச் சைகை காட்டினார், அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார்கள். முகமெல்லாம் சிவந்துபோய், கழுத்து நரம்பு புடைத்து நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை.

ஒரு மாதத்தில் ஒருவர் பலகையில் ஏறும்போது கண் இருட்டி விழுந்தார். காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்க மாட்டார் என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். இன்னொருவருக்கு மூக்கில் ரத்தம். வெயில் என்று எழுதினேன். சாகுல் என்று ஒருவர், முப்பத்தைந்து வயது, கடையநல்லூர்க்காரர், அந்தக் கூட்டத்திலேயே பலசாலி. அவர் வந்து, "வவுத்துல கேஸ் மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றார். சோடாமிண்ட் மாத்திரை கொடுத்தேன். அடுத்த வாரம் மறுபடி வந்தார். மறுபடியும் சோடாமிண்ட். மூன்றாம் தடவை, "டாக்டர் வர்ற நேரத்துல வாங்க, பார்ப்பாங்க" என்றேன். "அதெல்லாம் வேண்டாம் சிஸ்டர், சரியாப் போயிரும்" என்று மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரிடம் போனால் நிற்க வைத்து, இடுப்புக்குக் கீழே விரல் வைத்து, இருமச் சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். குடலிறக்கம் இருந்தால் விரலில் வந்து முட்டும். முட்டினால் அட்டையில் 'அன்ஃபிட்' என்று எழுதுவார். எழுதினால் வேலை போய்விடும். சாகுல் ஏன் வரவில்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவது மாதம் ஒரு பிற்பகல், இரண்டு மணி தாண்டியிருக்கும். சாகுலை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார்கள். உடம்பெல்லாம் வியர்வை. சுருண்டு படுத்துக்கொண்டு வாந்தி எடுத்தார். இடுப்பில் கட்டிய சாரத்தின் முடிச்சை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எங்க வலிக்குது? காட்டுங்க."

"வேண்டாம் சிஸ்டர். ஆம்பள டாக்டரக் கூப்பிடுங்க."

"டாக்டர் மாட்டுங்கா போயிட்டாங்க. நான் நர்ஸ். பார்த்தாத்தான் எதுவும் செய்ய முடியும்."

அவர் அழுதுவிட்டார். மற்றவர்களை வெளியே போகச் சொன்னேன், பிச்சையா மட்டும் நின்றார். முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய வீக்கம். கல் மாதிரி இருந்தது. தொட்டவுடன் கத்தினார்.

"இது உள்ள தள்ளிட்டாச் சரியாயிரும்மா. ஊர்ல எங்க சித்தப்பாவுக்கு எண்ணெயப் போட்டுத் தடவித்தான் ஏத்துவாவ" என்று பிச்சையா கையை நீட்டினார்.

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். என் தகப்பனார் வயது அவருக்கு. படிக்கும்போது ஒரே ஒரு தடவை இப்படி ஒரு ஆளைப் பார்த்திருக்கிறேன். இறங்கிய குடல் வெளியே மாட்டிக்கொண்டு ரத்தம் ஓடாமல் நிற்கிறது. அழுத்தினால் கிழியும், விட்டுவைத்தால் அழுகும். மணிக்கணக்கில்தான் அவகாசம்.

ஆபீஸுக்கு ஓடி டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை அவர் பார்த்தேளா என்று கேட்கவில்லை.

"அமுக்காதேங்கோ. குடிக்க ஒண்ணும் கொடுக்காதேங்கோ. எத்தனை மணிக்கு வலி ஆரம்பிச்சதுன்னு ஒரு காகிதத்துல எழுதி, அவன் சட்டையில குத்தி, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கோ. நான் அங்க வந்துடறேன்."

கம்பெனிக் கார் மேனேஜரோடு பம்பாய்க் கோட்டைப் பகுதிக்குப் போயிருந்தது. மேடையில் பாதிச் சரக்கு இறக்கிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் ஒரு சர்தார்ஜி. பாக்கி மூட்டைகளை இறக்காமல் நகர மாட்டேன் என்றார்.  பிச்சையா சாகுலைத் தோளில் போட்டுக்கொண்டு போய் லாரியின் பின்புறம் மூட்டைகள் மேல் படுக்க வைத்தார். நானும் ஏறினேன். சர்தார்ஜி எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

சாகுலின் முட்டிகளுக்கு அடியிலும் இடுப்புக்கு அடியிலும் காலிச் சாக்குகளைச் சுருட்டி வைத்து உயர்த்தினேன். தண்ணீர் தண்ணீர் என்றார். ஈரத்துணியால் உதட்டை மட்டும் துடைத்தேன். குழியில் வண்டி இறங்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை இறுக்கினார். இறுக்கினால் வீக்கம் இன்னும் விம்மியது. "வாயத் திறங்க. ஹா-ன்னு விடுங்க. பிடிக்காதீங்க" என்று குழிக்குக் குழி சொல்லிக்கொண்டே வந்தேன். சொன்னபடி விட்டார். சயான் ஆஸ்பத்திரி வரும்வரை அப்படியே போனோம்.

அன்றே ஆபரேஷன் நடந்தது. ஒரு சாண் குடலை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்தார்கள். பிழைத்துவிட்டார்.

நாலாம் நாள் வார்டில் பார்க்கப் போனேன். குரல் பலவீனமாக இருந்தாலும் தெளிவாகப் பேசினார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன்.

"அந்த நோட்டீஸ் போட்ட பொறவுதான் சிஸ்டர். முன்னெல்லாம் சத்தம் போட்டுத் தூக்குனா ஒண்ணும் தெரியாது. வாய மூடிக்கிட்டுத் தூக்குனா மூச்சு எங்க போவும் சொல்லுங்க? மேல வழி இல்லன்னா கீழதான் போவும்."

 பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினேன். தவாகானாவைத் திறந்து பதிவேட்டை எடுத்தேன். நோட்டீஸ் ஒட்டிய நாளில் ஒரு கோடு கிழித்தேன். கோட்டுக்கு முன்னால் ஒரு வருஷத்தில் மேடையிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் கையில் கீறல், காலில் ஆணி. கோட்டுக்குப் பின்னால் மூன்று மாதத்தில் மயக்கம், மூக்கில் ரத்தம், இடுப்புப் பிடிப்பு, வயிற்றில் வாயு. எல்லாம் என் கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதி வைத்திருந்தேன்.

மறுநாள் டாக்டரிடம் பதிவேட்டை நீட்டினேன். சாகுல் சொன்னதையும் சொன்னேன். பிச்சையா யார் சொன்னது என்று கேட்டதற்கு நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பக்கங்களைப் புரட்டினார். "இது எழுதினது. இன்னும் பார்க்கலை. பிச்சையாவைக் கூப்பிடுங்கோ" என்றார்.

தவாகானாவின் கதவைச் சாத்தி, ஒரு சோடா மூட்டையை நடுவில் வைத்தோம். என்னைப் பிச்சையாவின் இடது மணிக்கட்டில் மூன்று விரல் வைக்கச் சொன்னார். வலது கையால் பிச்சையா மூட்டையின் காதைப் பிடித்து, வாயை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்க முயல வேண்டும். அவர் முக்கினார். என் விரலுக்கடியில் நல்ல கயிறு மாதிரி ஓடிக்கொண்டிருந்த நாடி மெலிந்தது. நூலாயிற்று. ஒரு கணம் எனக்குக் கிடைக்கவே இல்லை. டாக்டர் "விடு" என்றதும் மூச்சை விட்டார். நாடி திரும்பி வந்து விரலை உதைத்தது.

"இப்போ உன் வழக்கம்போலத் தூக்கு. சத்தம் போடு."

"நோட்டீஸ் இருக்கே சாப்?"

"நான் இருக்கேன், போடு."

"ஏக்... தோ... ஹைஷா!"

நாடி கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தோம். பிறகு டாக்டர் தன் உள்ளங்கையைப் பிச்சையாவின் வயிற்றில் வைத்துப் பார்த்தார். ஏக்கில் மூச்சு உள்ளே போகிறது. தோவில் வயிறு இறுகுகிறது. ஹைஷாவில் பாரம் எழும் அதே நொடியில் மூச்சு வாய் வழியே வெளியேறுகிறது. ஆனால் வயிறு தளரவில்லை, இறுகித்தான் இருக்கிறது. இதை அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.

பிச்சையா போன பிறகு என்னிடம் சொன்னார்: "கடுதாசியில என் கையெழுத்து இருக்கு. அதுக்கு நான் பொறுப்பு. பிச்சையா கிட்ட சொன்னது உங்க வார்த்தை. அதுக்கு நீங்கதான் பொறுப்பு."

அவர் பங்கை அவர் செய்தார். மேனேஜர் அறைக்குப் போய், பழைய கடிதத்தை எடுத்து வரச் சொல்லி, அதன் குறுக்கே கோடு போட்டு, 'இது தவறு' என்று எழுதித் தேதி போட்டார். மேனேஜர் சுலபமாக இறங்கவில்லை. சாகுல் முன்பே நோயாளியாக இருந்திருக்கலாம் என்றார். நோட்டீஸ் போய்விட்டால் ஆபீஸின் பேச்சுக்கு என்ன மதிப்பு என்றார். டாக்டர் குரலை உயர்த்தாமல், நோட்டீஸ் இருக்கும்வரை எந்த ஆளுக்கும் தகுதிச் சான்று தருவதில்லை என்றார். சான்று இல்லாமல் புது ஆள் எடுக்க முடியாது. இரண்டு வாரம் இழுத்தது. கடைசியில், விருந்தாளிகள் வரும் நாளில் ஆபீஸ் ஜன்னல்களைச் சாத்திக்கொள்வது என்று முடிவாயிற்று.

என் பங்கு கஷ்டமாக இருந்தது. கடிதம் எழுதியது நான்தான் என்று பிச்சையாவிடம் சொன்னபோது அவர் காறித் துப்பிவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருந்தா உங்க அறைய வேற பக்கம் மாத்தச் சொல்லியிருப்போம்லா" என்றார். மூன்று மாதமாக அது எனக்கோ டாக்டருக்கோ தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாகுலின் கட்டில் பக்கத்தில் நின்றபடியே, அந்த நோட்டீஸ் என் கடிதத்தால் வந்தது என்றேன். மாத்திரை கொடுத்து அனுப்பியதும் தப்பு என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"சரி சிஸ்டர். போங்க" என்றார்.

நோட்டீஸைக் கிழித்த அன்று காலை பிச்சையா மேடையில் ஏறி நின்று "ஏக்... தோ..." என்றார். பதில் ஈனஸ்வரத்தில் வந்தது. பழக்கம் விட்டுப் போயிருந்தது, சிலருக்குப் பயம்கூட. "ஏலே, சோறு திங்கலியா? கேக்கலல!" என்று கத்தினார். நாலாவது மூட்டையில்தான் தகரம் அதிர்ந்தது. ரத்த அழுத்தம் பார்ப்பதை எட்டு மணிக்கு முன்பாக, லாரிகள் வருவதற்கு முன், நானே செய்து எழுதி வைப்பது என்று மாற்றிக்கொண்டோம். அது அவ்வளவு சுலபமான மாற்றம்.

அதிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு மூச்சுச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலை ஆயிற்று. ஆரம்பத்தில் உற்சாகத்தில் 'மூச்சை விட்டுவிட்டுத் தூக்குங்கள்' என்று சொல்லித் தொலைத்தேன். சாத்தாராப் பக்கத்து மராத்திக்காரர் ஒருவர் இருந்த மூச்சு முழுவதையும் விட்டுவிட்டு, தளர்ந்த வயிற்றோடு குனிந்து தூக்க, அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் என் குறிப்பை எடுத்துக் காட்டி, ஏக், தோ இரண்டையும் நான் விட்டுவிட்டதைச் சொன்னார். மூச்சு உள்ளே இருக்க வேண்டும், வயிறு இறுக வேண்டும், பாரம் எழும்போது வாய் திறந்திருக்க வேண்டும். சுமந்து நடக்கும்போது சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே நடக்க வேண்டும். ஜிம்மில் பெரும் பாரம் தூக்குகிறவர்கள் ஒரு நொடி பிடிப்பது அவர்கள் கணக்கு. ஒரு நாளில் நூறு மூட்டை தூக்குகிறவரிடம் அதைச் சொல்லாதீர்கள். ரத்த அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவரிடம் சொல்லவே சொல்லாதீர்கள். சுவரொட்டி எழுத வந்த அந்த இரண்டு நர்ஸ்களுக்கும் நான் சொன்ன இரண்டு வரி இதுதான்.

சாகுலால் பிறகு மூட்டை தூக்க முடியவில்லை. டாக்டர் இலகு வேலை என்று எழுதிக் கொடுத்து, பிச்சையா விடாமல் நச்சரித்து, சாக்கு தைக்கும் இடத்தில் அவரை உட்கார வைத்தார்கள். தவாகானாவுக்கு எதிரேதான் அந்த இடம். ஆனால் என்னிடம் வரமாட்டார். கோணூசி கையில் ஏறினால் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, சாயங்காலம் தாராவியில் வேறு டாக்டரிடம் காட்டுவார். எதிரில் வந்தால் தலையை அசைத்துவிட்டுப் போவார். இரண்டு வருஷம் இப்படியே. நானும் வற்புறுத்தவில்லை.

ஒரு மழைக்காலத்தில் கோணூசி அவர் கட்டைவிரலின் அடிவரை ஏறிவிட்டது. துருப்பிடித்த ஊசி. துணி நனைந்து சொட்டச் சொட்டக் கதவருகே வந்து நின்றார். நான் நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார். காயத்தைக் கழுவினேன். டெட்டனஸ் ஊசி போட வேண்டும் என்றேன். சட்டையைத் தோளிலிருந்து இறக்கினார். நான் மருந்தை ஏற்றி, பஞ்சால் துடைத்தபோது திரும்பிப் பார்த்தார்.

"சிஸ்டர், இப்ப மூச்ச விடவா, புடிக்கவா?"

முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணில் இருந்தது.

"விடுங்க" என்றேன்.

விட்டார். நான் ஊசியைப் போட்டேன்.